லா ரொமானா: ஒரு பெரிய போரும் ஜெயிக்காத தளபதியை வெலிங்டன் ஏன் அப்படிப் புகழ்ந்தார்?

மரக்கலம்:
நெப்போலியனை ஸ்பெயின் எதிர்த்த கதையைப் பேசினால், பைலெனில் ஜெயித்த காஸ்தான்யோஸ், சரகோசாவைக் காத்த பலாஃபோக்ஸ் என்று இரண்டு பெயரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நான் இங்கே கொண்டுவர நினைப்பது பேத்ரோ காரோ இ சுரேதாவை. லா ரொமானாவின் மூன்றாவது மார்க்கிஸ். வரலாற்றில் சுருக்கமாக லா ரொமானா.

1761இல் மயோர்க்கா தீவின் பால்மாவில் பிறந்தவர். அப்பாவும் ராணுவக்காரர்தான். 1775இல் அல்ஜியர்ஸ் மீது ஸ்பெயின் படையெடுத்துப் படுதோல்வி அடைந்ததே, அதில் செத்துப்போனார். பையனுக்கு அப்போது 13 வயது. படிப்பு பிரான்ஸின் லியோனிலும் ஸ்பெயினின் சலமாங்காவிலும். கிரேக்கம், லத்தீன் எல்லாம் நன்றாகத் தெரியும். வீட்டில் பெரிய நூலகம். ஆனால் போய்ச் சேர்ந்தது கடற்படையில். 1782இல் ஜிப்ரால்டர் முற்றுகையில் ஸ்பெயினின் மிதக்கும் பீரங்கி மேடைகள் தீப்பற்றி எரிந்தபோது அவரும் அந்தப் போரில் இருந்தார். 1793இல் புரட்சிப் பிரான்ஸோடு பிரனீஸ் மலைப்பகுதியில் போர் வந்ததும் தரைப்படைக்கு மாறினார். மாமா வெந்துரா காரோவின் கீழ் சண்டை போட்டுத் தளபதி நிலைக்கு உயர்ந்தார்.

இனி என் கேள்வி. 1808இல் டென்மார்க்கிலிருந்து படையோடு தப்பித்து வந்ததைத் தவிர, இவர் தானே நடத்தி ஜெயித்த பெரிய போர் ஒன்றுகூடக் கிடையாது. 1811 ஜனவரி 23 அன்று போர்ச்சுகலின் கார்டாஷோவில் திடீரென்று இறந்தபோது, ஸ்பானியப் படை தன் ஒளிமிக்க அணிகலனை இழந்துவிட்டது என்ற பொருளில் ஆங்கிலத் தளபதி வெலிங்டன் எழுதினார். ஏன்?

செங்கீரன்:
செத்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவது வழக்கம்தானே. இதில் என்ன புதிர்?

மரக்கலம்:
வெலிங்டன் அப்படிப்பட்ட ஆள் இல்லை, செங்கீரன். ஸ்பானியத் தளபதிகளைப் பற்றி அவர் எழுதிய கடிதங்களில் எரிச்சல்தான் பக்கத்துக்குப் பக்கம். தலவெராவில் கூடவே நின்று போரிட்ட கிழவர் குவெஸ்டாவையே அவர் விட்டுவைக்கவில்லை. நல்ல வார்த்தை அவரிடம் சுலபமாக வராது.

கோட்டைச்சுவர்:
ரொமானாவின் சொந்தப் படைவீரர்களே அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'யாத்திரைகளின் மார்க்கிஸ்'. எப்போது பார்த்தாலும் ஊர் ஊராக ஓடிக்கொண்டே இருந்தாராம். அதையும் சேர்த்துப் பேசுவோம்.

ஹேமா_சு:
ஓட்டத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். டென்மார்க் கதையை முதலில் யாராவது முழுசாகச் சொல்லுங்கள். ஸ்பெயின்காரர்கள் அவ்வளவு வடக்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதே பலருக்குத் தெரியாது.

மரக்கலம்:
சரி, சொல்கிறேன். 1807இல் ஸ்பெயின் பிரான்ஸின் கூட்டாளி. ஆட்சி நடத்திய கொதோயிடம் நெப்போலியன் ஒரு படை கேட்டார். சுமார் 15,000 பேர் போனார்கள். ஒரு பகுதி ஏற்கெனவே இத்தாலியில் எத்ரூரியாவில் இருந்த படை, மறுபகுதி ஸ்பெயினிலிருந்தே கால்நடையாகப் போனது. நல்ல படைகளாகப் பார்த்து நாட்டை விட்டு வெளியே இழுத்துவிடுவதில் நெப்போலியனுக்கு இரட்டை லாபம் என்பது அடுத்த வருடம்தான் மாட்ரிட்டுக்கு உறைத்தது. 'வடக்குப் பிரிவு' என்று பெயர். தளபதி ரொமானா.

முதலில் ஹாம்பர்க்கில் குளிர்காலம். 1807 செப்டம்பரில் ஆங்கிலேயர் கோபன்ஹேகன் மீது குண்டு போட்டுக் கப்பல்களைத் தூக்கிக்கொண்டு போனதால் டென்மார்க் பிரான்ஸ் பக்கம் சாய்ந்திருந்தது. அதனால் 1808 மார்ச்சில் மார்ஷல் பெர்னதோத்தின் கீழ் ஸ்பானியர் டென்மார்க்குக்குள் போனார்கள். டேனியத் தீவுகள் வழியாக ஸ்வீடன் மீது பாய்வது திட்டம். ஆனால் நடுவில் இருந்த கடலில் ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள். தாண்ட முடியவில்லை. படை யூட்லாந்து, ஃபூனன், லாங்கெலாந்து, ஸீலாந்து என்று துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது.

மே மாதம் மாட்ரிட் கிளர்ந்தது. ஸ்பெயின் அரச குடும்பம் பிரான்ஸில் சிறை. நெப்போலியனின் அண்ணன் ஜோசப் ஸ்பெயினுக்கு ராஜா. இதில் எதுவும் டென்மார்க்கில் இருந்தவர்களுக்கு ஒழுங்காகத் தெரியாது, கடிதங்களைப் பிரெஞ்சுக்காரர்கள் மறித்துவிட்டார்கள். ஜூலைக் கடைசியில் 'ராஜா ஜோசப்புக்கு விசுவாசப் பிரமாணம் எடு' என்ற உத்தரவு மட்டும் வந்து சேர்ந்தது.

நெய்தல்நாடன்:
அங்கேதான் வெடித்தது. ஸீலாந்தில் ரோஸ்கில்ட பக்கம் இருந்த அஸ்துரியாஸ், குவாதலஹாரா ரெஜிமெண்டுகள் பிரமாணத்தை மறுத்துக் கலகம் செய்தன. ஒரு பிரெஞ்சு அதிகாரி கொல்லப்பட்டார். டேனியப் படை சுற்றி வளைத்து இரண்டு ரெஜிமெண்டிலும் ஆயுதங்களைப் பறித்துவிட்டது. மற்ற இடங்களில் பலர் ஒரு நிபந்தனை சேர்த்தார்கள்: 'ஸ்பானிய மக்கள் தாங்களாக ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும்.' இது கூர்மையான வேலை. பிரமாணம் எடுத்த மாதிரியும் ஆச்சு, எடுக்காத மாதிரியும் ஆச்சு.

ஹேமா_சு:
இதற்குள்ளே பாதிரியார் கதையை விட்டுவிட்டீர்களே!

ஜேம்ஸ் ராபர்ட்சன் என்று ஒரு ஸ்காட்லாந்து பெனடிக்டின் துறவி. ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்கில் இருந்த ஸ்காட்டிஷ் மடத்தில் வளர்ந்தவர், அதனால் ஜெர்மன் தண்ணீர் பட்ட பாடு. ரொமானாவிடம் ரகசியமாகப் பேச ஓர் ஆள் வேண்டும் என்று ஆங்கில அரசு தேடியபோது இவர் சிக்கினார். ஹெலிகோலாந்து தீவு வழியாக உள்ளே நுழைந்து, ஆடம் ரோராவர் என்ற பெயரில் சுருட்டும் சாக்லேட்டும் விற்கும் வியாபாரியாகப் புறப்பட்டார். தேர்ந்தெடுத்த சரக்கைப் பாருங்கள். குளிரில் மாட்டிக்கொண்ட ஸ்பானிய அதிகாரிகளின் வீட்டு வாசலில் ஒரு வியாபாரி நிற்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா! அப்படியே ஃபூனன் தீவின் நீபோர்க்கில் ரொமானாவை நேரில் பார்த்துவிட்டார்.

கையில் கடிதம் எதுவும் கிடையாது, பிடிபட்டால் தூக்குதான். அப்படியானால் நம்புவது எப்படி? ஸ்பெயினில் ஆங்கிலத் தூதராக இருந்த ஜான் ஹூக்கம் ஃப்ரீர் ரொமானாவின் நண்பர். இருவரும் ஒரு காலத்தில் 'எல் சித்' என்ற பழைய ஸ்பானியக் காவியத்தில் ஓர் அடிக்குச் சரியான பாடம் எது என்று பேசியிருந்தார்கள். அந்த அடியை ஃப்ரீர் ராபர்ட்சனுக்கு மனப்பாடம் செய்து கொடுத்தார். இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பாடபேதம்தான் அடையாளச் சீட்டு. ரொமானா புத்தகப் பிரியராக இல்லாவிட்டால் இந்த வழியே இருந்திருக்காது.

செங்கீரன்:
இது நிஜமா, சினிமாவா?

ஹேமா_சு:
நிஜம்தான். ராபர்ட்சன் அந்தப் பயணத்தைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கிறார்.

கோட்டைச்சுவர்:
வந்த ஆளை வைத்து ரொமானா உடனே ஏதாவது செய்தாரா? யோசித்துக்கொண்டே இருந்தார். முடிச்சை அவிழ்த்தது ஒரு சின்ன அதிகாரி.

நெய்தல்நாடன்:
கட்டலோனியாப் பட்டாலியனின் ஃபாப்ரெகஸைச் சொல்கிறீர்கள். லெஃப்டினண்ட். கடிதம் கொண்டு போன வேலை முடிந்து லாங்கெலாந்துக்குத் திரும்ப ஒரு மீன்பிடிப் படகைப் பிடித்தார். நடுக்கடலில் தூரத்தில் ஆங்கிலக் கப்பல் தெரிந்தது. வாளை உருவிப் படகுக்காரர்களை மிரட்டி அங்கே விடச் சொல்லிவிட்டார். அவர்கள் மட்டும் இரண்டு பேராகச் சேர்ந்து அவரைக் கடலில் தள்ளியிருந்தால் இந்த இழையே இல்லை. அவர் மூலமாகத்தான் ஆங்கிலக் கடற்படைக்கும் ஸ்பானியப் படைக்கும் நேரடித் தொடர்பு கிடைத்தது.

ஆனால் கோட்டைச்சுவர், ரொமானா யோசித்ததில் தப்பு சொல்ல மாட்டேன். படை நாலு இடத்தில், நடுவில் கடல், கப்பல் தயாரா என்று தெரியாது. ஒரு கை முந்தினால் மற்ற மூன்றும் சிக்கிவிடும். ஸீலாந்தில் நடந்தது அதுதானே.

தொடர்பு உறுதியானதும் அவர் சுணங்கவில்லை. ஆகஸ்ட் 9 அன்று நீபோர்க் துறைமுகத்தைப் பிடித்தார். ஊரில் இருந்த டேனியப் படை சண்டை போடவில்லை. துறைமுகத்தில் நின்ற ஃபாமா என்ற போர்க்கப்பலும் சாலோர்மன் என்ற சிறு கப்பலும் மட்டும் பணிய மறுத்தன. ஆங்கில அட்மிரல் கீட்ஸின் படகுகள் அவற்றைத் தாக்கிப் பிடித்தன. அப்புறம் துறைமுகத்தில் கிடைத்த படகு, தோணி எல்லாவற்றிலும் ஆட்களையும் பீரங்கிகளையும் ஏற்றி லாங்கெலாந்துக்கு மாற்றினார்கள். காற்று, நீரோட்டம், எந்தப் படகில் எத்தனை பேர் என்கிற கணக்கெல்லாம் கடற்படையில் வளர்ந்த ஆளுக்குக் கைவந்த விஷயம். இந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான தரைப்படைத் தளபதி ஸ்பெயினில் இருந்திருப்பாரா என்பது சந்தேகம்.

சுபேதார்_ஓய்வு:
பட்டாளத்தில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்தக் கதையில் என்னை அசத்துவது சமோரா ரெஜிமெண்ட். யூட்லாந்து பக்கம் ஃப்ரெடரிசியாவிலிருந்து நழுவி, கடல்கால்வாயைத் தாண்டி, ஃபூனன் தீவைக் குறுக்கே நடந்து நீபோர்க் வந்து சேர்ந்தார்கள். 80 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம், 21 மணி நேரத்தில். மூட்டையும் துப்பாக்கியும் தோளில். ஒரு ரெஜிமெண்ட் அப்படி நடக்கிறது என்றால், வெறும் உத்தரவுக்காக நடக்காது. போனால் வீடு, நின்றால் சிறை என்று ஒவ்வொருத்தனுக்கும் தெரிந்திருக்கிறது.

ஹேமா_சு:
குதிரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஐயா. கப்பலில் குதிரைகளுக்கு இடமில்லை. குதிரைப்படைக்காரர்கள் சேணத்தைக் கழற்றிக் கரையில் அவிழ்த்துவிட்டார்கள். அந்தக் கால வரலாற்றாசிரியர்கள் எழுதியிருப்பது: பெரும்பாலும் காயடிக்காத ஆந்தலூசிய ஆண் குதிரைகள். ஆள் இல்லாமல் ஒன்றாக விட்டதும் கூட்டம் கூட்டமாக மோதி, கடித்து, உதைத்து ஒன்றையொன்று கொன்றன. கூடவே இருந்த சவாரிக்காரர்கள் படகிலிருந்து பார்த்துக்கொண்டே போனார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பொட்டு உண்மை இல்லாமல் இப்படி எழுதத் தோன்றாது.

மரக்கலம்:
கணக்கை முடிக்கிறேன். லாங்கெலாந்தில் 9,000 பேர் சேர்ந்தார்கள். கொடிகளைச் சுற்றி மண்டியிட்டு நாட்டுக்குச் சத்தியம் செய்தார்கள். இந்தக் காட்சியை 1850இல் மானுவேல் காஸ்தெய்யானோ ஓவியமாக வரைந்தார். ஆகஸ்ட் 21 அன்று கப்பலேறி ஸ்வீடனின் கோதன்பர்க், அங்கிருந்து பெரிய கப்பல்களில் ஸ்பெயின். அக்டோபர் 11 வாக்கில் சந்தாந்தேரில் இறங்கினார்கள்.

செங்கீரன்:
15,000இல் 9,000 போனால் மீதி?

கோட்டைச்சுவர்:
அதைத்தான் நானும் கேட்கப் போகிறேன். 5,000 பேருக்கு மேல் விட்டுவிட்டு வந்தார். ஸீலாந்தில் இருந்த இரண்டு ரெஜிமெண்டும் போச்சு. ஹோர்சன்ஸில் இருந்த அல்கார்வே குதிரைப்படை மாட்டிக்கொண்டது. அதன் கேப்டன் அந்தோனியோ கோஸ்டா பழியெல்லாம் தன்னுடையது என்று சொல்லிவிட்டுத் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். தன் ஆட்கள் மேல் பிரெஞ்சுக்காரர் கோபம் பாயக்கூடாது என்று. ஸ்பானிய வீரம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் கேப்டன்.

நெய்தல்நாடன்:
கோஸ்டாவின் வீரத்தில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் யூட்லாந்தில் நேரம் போனதற்குப் பெரிய காரணம் ரொமானாவுக்கு அடுத்த நிலையில் இருந்த கிண்டலான். திட்டத்துக்கு ஒப்புக்கொண்ட மாதிரி நடித்துவிட்டு நேராகப் போய்ப் பிரெஞ்சுக்காரர்களிடம் சொல்லிவிட்டார். கூடவே இருந்து குழி பறிப்பவனை வைத்துக்கொண்டு 9,000 பேரைக் கொண்டுவந்ததே பெரிசு.

ஹேமா_சு:
விடுபட்டவர்களின் கதி தனிக்கதை. கைதிகளான அவர்களிலிருந்து ஆள் எடுத்து 1809இல் 'ஜோசப் நெப்போலியன் ரெஜிமெண்ட்' என்று ஒன்றை நெப்போலியன் உருவாக்கினார். அதற்குத் தலைமை அதே கிண்டலான். 1812இல் அந்த ரெஜிமெண்ட் ரஷ்யாவுக்குப் போனது. போரோதினோவில் சண்டை போட்டது. பின்வாங்கும்போது பலர் ரஷ்யர் பக்கம் போய்விட்டார்கள். அவர்களை ஒன்றுசேர்த்து 1813இல் ஜார் அலெக்சாந்தர் தன் பெயரிலேயே ஒரு ஸ்பானிய ரெஜிமெண்ட் அமைத்துக் கொடுத்தார். அது பிறகு ஸ்பெயினுக்குத் திரும்பியது. டென்மார்க்கில் கப்பலைத் தவறவிட்டவன் மாஸ்கோவைச் சுற்றிக்கொண்டு பல வருஷம் கழித்து வீட்டுக்கு வந்திருக்கிறான்!

டென்மார்க்கிலும் அவர்களை மறக்கவில்லை. ஹான்ஸ் கிறிஸ்டியன் அன்டர்சன் ஃபூனன் தீவின் ஓடென்சக்காரர். அப்போது அவருக்கு 3 வயது. ஒரு ஸ்பானியச் சிப்பாய் தன்னைத் தூக்கிவைத்து ஆடி, கழுத்தில் தொங்கிய வெள்ளி உருவத்தை உதட்டில் வைத்தானென்றும், அது கத்தோலிக்கச் சமாச்சாரம் என்று அம்மாவுக்குக் கோபம் வந்ததென்றும் தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். கோல்டிங் கோட்டைக்காரர்களுக்கு வேறு மாதிரி ஞாபகம். 1808 மார்ச் இறுதியில் அந்தக் கோட்டை எரிந்துபோனது. குளிர் தாங்காமல் ஸ்பானியர் கணப்பில் விறகை அள்ளிப்போட்டதுதான் காரணம் என்று சொல்வார்கள்.

செங்கீரன்:
இதுவரைக்கும் எனக்கு ரொமானா ஹீரோதான். கோட்டைச்சுவர், உங்கள் குற்றப்பத்திரிகையை வாசியுங்கள்.

கோட்டைச்சுவர்:
வாசிக்கிறேன்.

முதலில் மான்சில்யா. 1808 டிசம்பர் கடைசி. சர் ஜான் மூரின் ஆங்கிலப்படை நெப்போலியனிடமிருந்து கொருன்யா துறைமுகத்தை நோக்கிப் பின்வாங்குகிறது. மான்சில்யா பாலத்தை உடைத்துவிட்டு வடக்கே அஸ்துரியாஸ் பக்கம் போங்கள், கலீசியாச் சாலையை எங்களுக்கு விடுங்கள் என்பது மூரின் வேண்டுகோள். நடந்தது என்ன? பாலம் உடையவில்லை. காவலுக்கு நின்ற படை பாலத்துக்கு முன்னால், ஆற்றை முதுகில் வைத்துக்கொண்டு நின்றது. டிசம்பர் 30 அன்று பிரெஞ்சுக் குதிரைப்படைத் தளபதி ஃபிரான்செஸ்கி ஒரே பாய்ச்சலில் அவர்களையும் பிடித்தார், பாலத்தையும் பிடித்தார். மிச்சம் இருந்த ஸ்பானியப்படை நேராக அஸ்டோர்காவுக்குப் போய் மூரின் சாலையிலேயே குறுக்கே விழுந்தது. அதுவும் டைபஸ் காய்ச்சலோடு.

அடுத்தது ஒவியேடோ. 1809 மே 2. நெப்போலியனை எதிர்த்து முதலில் எழுந்த மாகாணங்களில் ஒன்று அஸ்துரியாஸ். அதன் ஜுந்தாவை, அதாவது மக்களின் பேரால் ஆண்ட சபையை, ரொமானா சிப்பாய்களை அனுப்பிக் கலைத்தார். மாட்ரிட்டில் மே 2 எழுச்சி நடந்து சரியாக ஒரு வருஷம் ஆன அதே நாளில்! பதினேழு நாள் கழித்து பிரெஞ்சு மார்ஷல் நே மலையைத் தாண்டி ஒவியேடோவில் வந்து குதித்தார். ரொமானா கிஹோனில் கப்பலேறி ஓடினார். சபையும் இல்லை, படையும் இல்லை, ஊரும் இல்லை.

சுபேதார்_ஓய்வு:
மான்சில்யாவை ஒப்புக்கொள்கிறேன், தம்பி. ஆற்றை முதுகில் வைத்து ஆளை நிறுத்துவது பயிற்சிப் பள்ளியிலேயே அடி வாங்கித் தரும் வேலை. அதற்குச் சமாதானம் கிடையாது.

ஆனால் அந்தப் படை எந்த நிலையில் அவர் கைக்கு வந்தது என்று பாருங்கள். டென்மார்க்கிலிருந்து கொண்டுவந்த காலாட்படையை ஜெனரல் பிளேக்கின் கையில் கொடுத்தார்கள். ரொமானா லண்டன் போய்விட்டு கொருன்யாவில் இறங்கும்போது அவர்கள் ஏற்கெனவே களத்தில். நவம்பர் 10, 11 தேதிகளில் எஸ்பினோசாவில் பிளேக் அடிவாங்கினார். வடக்குப் பிரிவு ஆட்கள் முதல் நாள் இடத்தைவிட்டு நகரவில்லை. அவர்களை நடத்திய சான் ரொமான் பிரபு அங்கே பட்ட காயத்தால் செத்தார். கப்பலில் ஒரு படையை மீட்டுக்கொண்டு வந்து சரியாக ஒரு மாசத்தில் வேறொருத்தர் அதை அழித்துவிட்டார். ஸ்பெயினின் லியோன் நகரில் ரொமானா பொறுப்பேற்றபோது அவருக்குக் கிடைத்தது தோல்வியின் மிச்சம். செருப்பில்லை, கோட்டில்லை, சாப்பாடில்லை, பாதிப் பேருக்குக் காய்ச்சல். அந்தக் கூட்டத்தை வைத்துப் பனியில் மலைச்சாலையில் அஸ்துரியாஸ் போ என்றால் எப்படிப் போவார்? மூர் கேட்டது ஆங்கிலப்படைக்கு நியாயம். ரொமானாவின் ஆட்களுக்கு அது சாவு.

மரக்கலம்:
சுபேதார் ஐயா சொன்னதைத் தொட்டே அடுத்ததைச் சொல்கிறேன். ஜனவரியில் ஃபொன்செபதோன் கணவாயைத் தாண்டிக் கலீசியாவின் ஒரென்சே பக்கம் போய்ச் சேர்ந்தபோது அவரிடம் சில ஆயிரம் பேர்தான். சூல்ட், நே என்று இரண்டு பிரெஞ்சு மார்ஷல்கள் அதே மாகாணத்தில். வேறு யாராக இருந்தாலும் ஒரு சண்டை போட்டு முடிந்துபோயிருப்பார். இவர் சண்டையே போடவில்லை. சூல்ட் தெற்கே போர்ச்சுகலுக்குத் திரும்பியதும் இவர் மலைகளுக்குள் நழுவி எதிர்த்திசையில் போனார்.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு சம்பவம். பொன்ஃபெர்ராடா பக்கத்தில் ஒரு சின்னத் தேவாலயத்தில் கைவிடப்பட்ட ஒரு 12 பவுண்டர் பீரங்கி அகப்பட்டது, குண்டுகளோடு. மொத்தப் படைக்கும் பீரங்கி அது ஒன்றுதான். அதை இழுத்துக்கொண்டு மென்திசாபல் என்ற அதிகாரி வில்யாஃப்ராங்காவுக்குப் போனார். 1809 மார்ச் 17. கோட்டைக்குள் இருந்த பிரெஞ்சுப் பட்டாலியன் கதவு உடைந்ததும் சரணடைந்தது. கலீசியா கிராமங்களில் கெரில்லாக்கள் ஏற்கெனவே எழுந்திருந்தார்கள். இந்தச் செய்தி அவர்களுக்கு என்ன செய்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். மாட்ரிட்டுக்குச் செல்லும் சாலையில் நே தொடர்பற்றுப் போனார்.

கோட்டைச்சுவர்:
பீரங்கியைக் கண்டெடுத்ததும் தாக்கியதும் மென்திசாபல். ஜூன் மாதம் சாம்பாயோ பாலத்தில் நேயைத் தடுத்தது நொரோன்யாவும் மொரில்யோவும். கலீசியாவைக் காலிசெய்ய வைத்தது விவசாயிகள். நேயும் சூல்டும் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டதும் ஒரு காரணம். இதில் ரொமானா எங்கே?

மரக்கலம்:
அடுத்த மலையில்! அதுதான் பதில். அவர் பிடிபடாமல் இருந்தவரை அங்கே ஒரு ஸ்பானிய அரசு இருந்தது, ஓர் ஒழுங்கான படை இருந்தது, கெரில்லாத் தலைவர்களுக்குப் பதவியும் உத்தரவும் தர ஓர் ஆள் இருந்தார். மார்ஷல்கள் அவரைத் துரத்துவதற்கென்று ஆட்களை ஒதுக்க வேண்டியிருந்தது. நே ஒவியேடோவுக்கு ஓடியதே அவரைப் பிடிக்கத்தானே? நே அந்தப் பக்கம் போன நேரத்தில் கலீசியாவில் பிரெஞ்சுக் காவல்படைகள் என்ன பாடுபட்டன என்பது உங்களுக்கே தெரியும்.

கோட்டைச்சுவர்:
அந்த வாதம் நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஒவியேடோ ஜுந்தாவைக் கலைத்ததை அது எப்படிச் சரியாக்கும்?

மரக்கலம்:
சரியாக்காது. அந்த ஜுந்தா பணத்தையும் படையையும் தன்னிடமே வைத்துக்கொண்டு அவரிடம் கொடுக்க மறுத்தது என்பது உண்மை. ஊழல் புகாரும் இருந்தது. ஆனால் அதற்கு வழி சிப்பாய்களை மண்டபத்துக்குள் அனுப்புவதல்ல. அந்த மண்ணின் மகனான ஹோவெய்யானோஸ், அன்றைய ஸ்பெயினின் மிகப் பெரிய அறிவாளிகளில் ஒருவர், நாடு முழுவதற்குமான மத்திய ஜுந்தாவில் இருந்துகொண்டு இதைக் கடுமையாகக் கண்டித்தார். அவர் பக்கம்தான் நானும். அக்டோபரில் ரொமானாவே செவில்யாவில் மத்திய ஜுந்தாவின் உறுப்பினராகி, அதே ஜுந்தாவின் அதிகாரம் செல்லாது என்று அறிக்கை விட்டார். சபைகள் என்றாலே அவருக்கு ஒவ்வாமை. உயர்குடிப் பிரபுவின் குணம் அது, புத்தகம் படித்துப் போகவில்லை.

செங்கீரன்:
சரி, வெலிங்டன் கேள்விக்கு வருவோமா? இன்னும் பதில் வரவில்லை.

நெய்தல்நாடன்:
1810இல் ரொமானா போர்ச்சுகல் எல்லையை ஒட்டிய ஸ்பானியக் கோட்டை நகரான படாஹோஸில். அந்தக் கோடையில் அவர் படை எக்ஸ்ட்ரெமதுராவில் இரண்டு மூன்று இடத்தில் அடிவாங்கியது, அதையும் மறைக்க வேண்டாம். பிரெஞ்சு மார்ஷல் மசேனா போர்ச்சுகலுக்குள் நுழைந்து, வெலிங்டன் லிஸ்பனைக் காத்த தோரஸ் வேத்ராஸ் அரண்களுக்குப் பின்னால் போனபோது, அக்டோபரில் ரொமானா சுமார் 8,000 பேரோடு அங்கே போய்ச் சேர்ந்தார். வெளிநாட்டுக்காரர் கீழே நிற்பதா என்று முறுக்கிக்கொள்ளாமல் ஒரு ஸ்பானியத் தளபதி வந்தது வெலிங்டனுக்குப் புதுசு. குவெஸ்டாவோடு பட்ட அனுபவத்துக்குப் பிறகு இது எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

மரக்கலம்:
அதோடு ஒன்று. 1811 ஜனவரியில் சூல்ட் படாஹோஸ் பக்கம் வருகிறார் என்று தெரிந்ததும், ரொமானாவின் படை திரும்பிப்போக வேண்டும் என்று முடிவானது. எங்கே நிற்க வேண்டும், எப்படி நிற்க வேண்டும் என்று வெலிங்டனும் ரொமானாவும் கலந்து பேசித் தெளிவாக எழுதி வைத்தார்கள். ஹெவோரா ஆற்றுக்குப் பின்னால், சான் கிறிஸ்டோபல் மேட்டில் நில், பாலங்களை உடை, பள்ளம் வெட்டி அரண் போடு. அப்புறம் மூன்றே நாளில் ரொமானா செத்துப்போனார். 49 வயது. படை போனது அதே மென்திசாபலின் கையில்.

அந்த மனிதர் வில்யாஃப்ராங்காவில் காட்டிய சுறுசுறுப்பு ஹெவோராவில் எங்கே போனது என்றே தெரியவில்லை. மேட்டில் நின்றார், ஆனால் பள்ளம் வெட்டவில்லை, ஒழுங்கான காவலும் போடவில்லை. பிப்ரவரி 19 காலை மூடுபனியில் மார்ஷல் மோர்டியே ஆற்றைக் கடந்தார். ஸ்பானியர் சுமார் 12,000, பிரெஞ்சுக்காரர் ஏறக்குறைய 7,000. சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஏறக்குறைய 4,000 பேர் கைதிகள். மார்ச் 11 அன்று படாஹோஸ் கோட்டையும் போனது.

எஸ்பினோசாவையும் ஹெவோராவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரொமானா சேர்த்து வைத்த படை இரண்டு தடவையும் அவர் கையில் இல்லாதபோதுதான் அழிந்தது. மான்சில்யாவில் அவர் தோற்றார், ஆனால் படை மிஞ்சியது. வெலிங்டனுக்குத் தேவை அடுத்த மாதமும் உயிரோடு இருக்கும் ஸ்பானியப்படை. அதைத் தர முடிந்தவர் இவர்.

சுபேதார்_ஓய்வு:
இதை நான் ஒத்துக்கொள்கிறேன். மெடல் ஜெயிக்கிற தளபதிக்குக் கிடைக்கும். சிப்பாயின் பெண்டாட்டி கும்பிடுவது இவரைப் போன்ற ஆளை.

கோட்டைச்சுவர்:
அல்கார்வே சிப்பாய்களின் பெண்டாட்டிகளையும் கேட்டுச் சொல்லுங்கள், ஐயா. ஹெவோரா வாதத்தில் பலம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் செத்த பிறகு நடந்த தோல்வியை அவர் கணக்கில் வெற்றியாக எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் இருந்திருந்தால் பள்ளம் வெட்டியிருப்பார் என்று எப்படித் தெரியும்? மான்சில்யாவில் பாலத்தை உடைக்கச் சொன்னபோதும் தலையாட்டியவர்தானே.

நெய்தல்நாடன்:
இதற்கு மரக்கலம் என்ன சொல்கிறார் பார்ப்போம் :)

மரக்கலம்:
நியாயமான அடி. மான்சில்யாவுக்கும் ஹெவோராவுக்கும் நடுவில் இரண்டு வருஷம் இருக்கிறது, அதில் ஆள் கற்றுக்கொண்டிருக்கிறார் என்பது என் எண்ணம். கலீசியாவில் மறுபடி அந்த மாதிரி ஆற்றை முதுகில் வைத்து எங்கும் நிற்கவில்லை. அதற்குமேல் நிரூபிக்க முடியாது.

அவர் கல்லறை பால்மா பேராலயத்தில் இருக்கிறது. மயோர்க்கா போகிறவர்கள் பார்க்கலாம்.

ஹேமா_சு:
அலெக்சாந்தர் ரெஜிமெண்டுக்குத் தனி இழை திறக்கட்டுமா? இங்கே போட்டால் ரொமானாவை மறந்துவிடுவோம்.

சுபேதார்_ஓய்வு:
திறம்மா. போரோதினோவிலிருந்து ஆரம்பி. கிண்டலானையும் விடாதே, அந்த ஆளைப் பற்றி எனக்கு நிறையப் பேச வேண்டியிருக்கிறது.